ஒளித்தாள் மைக்ராஸ்கோப்புக்கு எந்த லேசர்? ஆய்வகங்கள் கையைச் சுட்டுக்கொள்வது எங்கே?

ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் லேசர் வாங்க டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். '488 நானோமீட்டர், 100 மில்லிவாட்' என்று ஒரே வரிதான் அதில் இருக்கிறது. மூன்று நிறுவனங்கள் விலை கொடுக்கின்றன. விதிப்படி மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு, அரசு அலுவலக மொழியில் சொன்னால் 'எல்-1'க்கு, ஆர்டர் போகிறது. சில மாதங்கள் கழித்துப் பெட்டி வந்து இறங்குகிறது. பிரித்துப் பார்த்தால் 488 இருக்கிறது, 100 மில்லிவாட்டும் இருக்கிறது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் மாட்டியதும், மெல்லிய தாளாக விரிய வேண்டிய ஒளி ஜமுக்காளம் மாதிரி தடித்து நிற்கிறது. விற்றவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

இது எப்படி நடக்கிறது? ஒரே நிறம், ஒரே சக்தி கொண்ட இரண்டு லேசர்களில் ஒன்று வேலைக்கு ஆகிறது, இன்னொன்று ஆகவில்லை என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைப் புரிந்துகொள்ள, இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒளித்தாள் மைக்ராஸ்கோப் என்றால் என்ன?

சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் ஒளி எந்த வழியாக உள்ளே போகிறதோ, அதே வழியாகத்தான் படமும் திரும்பி வருகிறது. நீங்கள் பார்க்க விரும்புவது ஒரே ஓர் அடுக்கு. ஆனால் ஒளி மேலிருந்து கீழ்வரை மொத்த மாதிரியையும் துளைத்துக்கொண்டு போகிறது. ஒரு மீன் கருவை 200 அடுக்குகளாகப் படம் பிடித்தால், ஒவ்வொரு அடுக்கும் 200 முறை ஒளியைத் தாங்க வேண்டும். ஒளிரும் சாயம் வெளுத்துப்போகும். உயிருள்ள செல் என்றால் அதுவும் பாதிக்கப்படும்.

ஒளித்தாள் முறையில் ஒளி பக்கவாட்டில் இருந்து, ஒரு மெல்லிய தாள் போல உள்ளே நுழைகிறது. அதற்குச் செங்குத்தாக நிற்கும் இன்னொரு லென்ஸ் படம் எடுக்கிறது. இருட்டறையில் ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியாக வெயில் கற்றை விழும்போது, அந்தக் கற்றையில் இருக்கும் தூசி மட்டும் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதேதான். ஒளி படும் அடுக்கு மட்டுமே ஒளிர்கிறது, மற்ற அடுக்குகள் இருட்டில் இளைப்பாறுகின்றன. 200 அடுக்கு எடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைதான் ஒளி.

இந்த யோசனைக்கு 120 வயது தாண்டிவிட்டது. ஜெர்மனியில் ஹென்ரி ஸீடென்டோஃபும் ரிச்சர்ட் ஸிக்மாண்டியும் 1903-இல் வெளியிட்ட 'அல்ட்ராமைக்ராஸ்கோப்' பக்கவாட்டு ஒளியில்தான் இயங்கியது. கண்ணாடிக்குள் கலந்திருந்த தங்கத் துகள்களைப் பார்க்க அவர்கள் வெயிலையும் ஆர்க் விளக்கையும் பயன்படுத்தினார்கள். ஸிக்மாண்டிக்கு 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் கிடைத்தது. பிறகு உயிரியல் உலகம் அந்த யோசனையைக் கிட்டத்தட்ட மறந்தே போனது. 2004-இல் ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் யான் ஹூய்ஸ்கென், எர்ன்ஸ்ட் ஸ்டெல்ட்ஸர் குழு, உயிருள்ள மீன் கருவையும் பழ ஈக் கருவையும் லேசர் தாளில் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் இது மறுபிறவி எடுத்தது. 2014-இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழ் இதை ஆண்டின் சிறந்த முறையாகத் தேர்ந்தெடுத்தது.

இந்தக் கருவிக்கு முன்னால் அதிகம் நிறுத்தப்படும் உயிரினம் வரிக்குதிரை மீன். அது நம்ம ஊர் மீன் என்பது பலருக்குத் தெரியாது. கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்களிலும் நீந்துவது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அதை முதன்முதலில் விவரித்தார். 2013-இல் அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வு மையத்தில், அந்த மீன் குஞ்சின் மூளையில் உள்ள ஏறத்தாழ ஒரு லட்சம் நரம்பு செல்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எப்போது சுறுசுறுப்பாகின்றன என்பதை ஒன்றேகால் நொடிக்கு ஒரு முறை வீதம் பதிவு செய்தார்கள். அதுவும் ஒளித்தாள்தான்.

எவ்வளவு சக்தி தேவை?

லேசர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மில்லிவாட். கார் வாங்கப் போய் 'எவ்வளவு சி.சி.' என்று கேட்கிற மாதிரி. ஆனால் இந்தக் கருவிக்கு மாதிரியின் மேல் விழ வேண்டிய ஒளி பெரும்பாலும் சில மில்லிவாட் மட்டுமே.

ஒரு கணக்கு போடலாம். 1 மில்லிமீட்டர் அகலம், 5 மைக்ரான் தடிமன் கொண்ட தாளில் 1 மில்லிவாட் ஒளி பரவினால், சதுர சென்டிமீட்டருக்கு 20 வாட் வருகிறது. உச்சிவெயிலைப் போல 200 மடங்கு. பயமாகத் தெரிகிறதா? ஒரு புள்ளியில் குவிக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில், அதில் பத்தில் ஒரு பங்கு ஒளியை, அதாவது 0.1 மில்லிவாட்டை, 0.4 மைக்ரான் விட்டமுள்ள புள்ளியில் பாய்ச்சினாலே அது 80,000 வாட்டைத் தொடும். ஒளித்தாள் அதைவிட 4,000 மடங்கு மென்மையானது. புள்ளி ஒவ்வோர் இடத்திலும் கண நேரமே நிற்கிறது, தாள் முழு நேரமும் நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் செல்லைப் படுத்துவதில் அந்த உச்சபட்ச அடர்த்திக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் 5 மில்லிவாட் லேசர் போதுமா? போதாது. லேசர் பெட்டிக்கும் மாதிரிக்கும் நடுவே வரிசையாகச் சுங்கச்சாவடிகள் நிற்கின்றன. 50 மில்லிவாட்டில் தொடங்குங்கள். ஃபைபருக்குள் செலுத்தும்போது 60 சதவீதம் தேறினால் 30. வழியில் உள்ள கண்ணாடிகள், லென்ஸ்கள், வடிகட்டிகள் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் 24. இடமும் வலமுமாக இரண்டு பக்கத்தில் இருந்து ஒளி தரும் கருவி என்றால் பக்கத்துக்கு 12. தாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வேண்டும் என்று கற்றையின் ஓரங்களை வெட்டினால் கடைசியில் 6 தேறும்.

ஆக, உயிருள்ள சிறு மாதிரிகளுக்கு ஒவ்வொரு நிறத்திலும் 50 மில்லிவாட் என்பது நியாயமான தொடக்கம். எலியின் முழு மூளையை ரசாயனத்தில் ஊறவைத்துக் கண்ணாடி போலத் தெளியவைத்துப் படம் பிடிக்கிறவர்களுக்கு 100 அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம். அங்கே தாள் அகலமானது, மாதிரியும் இறந்த திசு. 'எதற்கும் இருக்கட்டுமே' என்று 300 மில்லிவாட் வாங்கி, அதை 2 சதவீதத்தில் ஓட்டுவதுதான் மோசம். டயோடு லேசர்கள் அவ்வளவு கீழே இறக்கினால் தள்ளாடும். ஒளியில் இரைச்சல் கூடும். நரம்பு செல்லின் ஒளிர்வில் சில சதவீத ஏற்ற இறக்கத்தைத் தேடுகிற சோதனையில், லேசரே சில சதவீதம் ஏறி இறங்கினால் மூளை சொல்வது எது, லேசர் சொல்வது எது என்று தெரியாமல் போகும். பெரிய லேசர் கையில் மாட்டிக்கொண்டால் அதை நடுத்தர சக்தியில் ஓட்டி, வழியில் ஒரு கறுப்பு வடிகட்டி வைத்துக் குறைப்பதே நல்லது.

488 என்ற எண் எங்கிருந்து வந்தது?

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. மாதிரியில் என்ன ஒளிர்கிறதோ அதுதான் தீர்மானிக்கும். பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி புரதத்துக்கும் அதன் உறவினர்களுக்கும் 488 நானோமீட்டர். செல் கருவை நீலமாகக் காட்டும் சாயத்துக்கு 405. சிவப்புப் புரதங்களுக்கு 561. அடர்சிவப்புச் சாயங்களுக்கு 640.

இதில் 488 இயற்கை விதித்த எண் அல்ல. அந்தக் காலத்து ஆர்கான் வாயு லேசர் இயல்பாகவே உமிழும் நிறம் அது. எல்லா ஆய்வகத்திலும் அந்த லேசர் இருந்ததால், சாயம் செய்பவர்களும் புரதத்தைத் திருத்தியவர்களும் அதற்கு ஏற்ற மாதிரியே செய்தார்கள். ஆர்கான் லேசர் ஒரு மின்சாரப் பேய். சில பத்து மில்லிவாட் ஒளிக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரம் தின்று, விசிறி போட்டு இரைச்சலும் எழுப்பும். அது ஓய்வு பெற்றுவிட்டது, அது விட்டுச்சென்ற எண் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. இப்போது அதே நிறத்தைக் கைக்குள் அடங்கும் டயோடு தருகிறது. 2014-இல் இயற்பியல் நோபல் பெற்ற நீல எல்.இ.டி. ஆராய்ச்சி கையாண்ட காலியம் நைட்ரைடு குடும்பத்துப் பொருளில் செய்தது.

சிக்கல் 561-இல் இருக்கிறது. ஏறத்தாழ 530-க்கும் 630-க்கும் நடுவே நேரடியாக ஒளி உமிழும் நல்ல டயோடு சந்தையில் இல்லை. அதனால் அகச்சிவப்பு ஒளியை உருவாக்கி, ஒரு படிகத்தின் வழியே அனுப்பி, அலைநீளத்தைப் பாதியாக்குகிறார்கள். இந்த வகை லேசர்கள் விலையும் கூடுதல், கண் இமைக்கும் நேரத்தில் அணைத்து அணைத்துப் போடுவதும் பலவற்றுக்கு ஒத்துவராது. ஒளிப்பாதையில் தனியாக ஒரு வேகக் கதவு வைக்க வேண்டும். ஒலி அலையால் ஒளியைத் திசைதிருப்பும் படிகம்தான் வழக்கமான ஏற்பாடு. இந்தச் செலவைக் கணக்கில் எடுக்காமல் லேசரை மட்டும் வாங்கிவிட்டு, அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்க நேரலாம்.

'561 விலை அதிகம், 532 மலிவு, அதை வாங்கினால் என்ன?' என்ற கேள்வி வரும். 532 பச்சை நிறம். ஜி.எஃப்.பி புரதம் ஒளிர்வதும் அதே பச்சையில்தான். மாதிரியில் அதுவும் இருந்தால், அதன் ஒளிர்வின் நட்டநடுவில் உங்கள் லேசர் வந்து உட்காரும். சிவப்புப் புரதத்தையும் அது அரைமனதாகவே தூண்டும். மிச்சம் பிடித்த காசு வீண்.

தாளின் தடிமன்: இங்கேதான் விஷயமே இருக்கிறது

முதலில் சொன்ன ஜமுக்காளத்துக்கு வருவோம். லேசர் கற்றையை ஒரு லென்ஸால் குவித்தால் அது ஓரிடத்தில் இடுப்பு போலச் சிறுத்து, மறுபடியும் விரியும். அந்த இடுப்புப் பகுதிதான் நமக்குத் தேவையான தாள். இடுப்பை எவ்வளவு ஒல்லியாக்குகிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் அது விரிந்துவிடும். இது தொழில்நுட்பக் குறை அல்ல, ஒளியின் இயல்பு.

488 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீருக்குள் 10 மைக்ரான் தடிமனுக்குக் குவித்தால், அது ஏறத்தாழ 430 மைக்ரான் தூரத்துக்கு ஓரளவு மெல்லியதாகவே இருக்கும். தடிமனைப் பாதியாக்கி 5 மைக்ரானுக்குக் கொண்டுவந்தால், அந்தத் தூரம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். வெறும் 107 மைக்ரான். மெல்லிசாகவும் வேண்டும், நீளமாகவும் வேண்டும் என்றால் கிடைக்காது. மாதிரியின் அளவைப் பார்த்து ஓரிடத்தில் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு, கற்றை குறையே இல்லாத ஒன்றாக இருக்கும்போது. உண்மையான கற்றை அந்த லட்சியத்தில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் குறிக்க 'எம் ஸ்கொயர்' என்று ஓர் எண் உண்டு. முழுமையான கற்றைக்கு அது 1. நல்ல லேசர்களில் 1.1, அதிகம் போனால் 1.2. அது 2 ஆனால், அதே தடிமனில் தாளின் நீளம் பாதியாகிவிடும்.

இப்போது சந்தையில் 'லேசர் எஞ்சின்' என்ற பெயரில், நான்கைந்து நிறங்களை ஒரே பெட்டியில் அடைத்து, தடித்த மல்டிமோட் ஃபைபர் வழியாக வெளியே தரும் கருவிகள் வருகின்றன. சக்தி அதிகம், மில்லிவாட்டுக்கு விலை குறைவு. முழுப் புலத்தையும் ஒரே சீராக வெளிச்சமாக்க வேண்டிய சாதாரண நுண்ணோக்கிகளுக்கு அவை அருமையானவை. ஆனால் 50 மைக்ரான் உட்கரு கொண்ட அத்தகைய ஃபைபரில் இருந்து வரும் ஒளியின் எம் ஸ்கொயர் 30-ஐத் தாண்டும். அந்த ஒளியில் அதே 430 மைக்ரான் நீளத் தாள் செய்தால், தடிமன் 10 மைக்ரானாக இருக்காது, ஏறத்தாழ 60 மைக்ரான் ஆகிவிடும். ஒரு செல்லின் கரு சில மைக்ரான்தான். அப்படியானால் ஒரு படத்தில் எத்தனை அடுக்கு செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பும் என்று யோசித்துப் பாருங்கள். ஒளித்தாள் என்ற பெயரே அர்த்தமிழந்து போகும்.

டெண்டரில் 'சிங்கிள் மோட், எம் ஸ்கொயர் 1.2-க்குள்' என்ற வார்த்தைகள் இல்லாவிட்டால், இந்தப் பெட்டியும் தகுதி பெறும், விலையிலும் ஜெயித்துவிடும்.

ஃபைபரா, நேரடிக் கற்றையா?

லேசரை மைக்ராஸ்கோப்போடு இணைக்க இரண்டு வழி. ஒன்று, மேசை மேல் கண்ணாடிகளை நிறுத்தி, காற்றிலேயே கற்றையை ஓட்டிக் கொண்டுபோவது. ஒவ்வொரு லேசருக்கும் இரண்டு கண்ணாடிகள் வேண்டும். ஒன்று கற்றை விழும் இடத்தைச் சரிசெய்ய, இன்னொன்று அது போகும் கோணத்தைச் சரிசெய்ய. ஒரே நிறம், ஒரே மேசை, திருகு பிடித்துச் சரிசெய்யத் தெரிந்த மாணவர் ஒருவர் எப்போதும் இருப்பார் என்றால் இதுவே மலிவு. ஒளி இழப்பும் குறைவு. அந்த மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

இன்னொன்று, சிங்கிள் மோட் ஃபைபர். பலருக்கும் பொதுவான கருவி என்றால் இதைத்தான் பரிந்துரைப்பேன். லேசர் பெட்டி எங்கே அசைந்தாலும் ஃபைபரின் மறுமுனையில் ஒளி அதே புள்ளியில் இருந்து, அதே வடிவில் வரும். நாலு நிறமும் ஒரே வாசலில் வெளிவருவதால் ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்கும். கற்றையின் ஓரத்தில் உள்ள பிசிறுகளையும் ஃபைபரே சீவி எடுத்துவிடும்.

வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட் இணைப்பும் சிங்கிள் மோட் ஃபைபர்தானே, அந்தக் கேபிளையே மாட்டினால் ஆகாதா? ஆகாது. அது 1,310, 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்காகச் செய்தது. உட்கருவின் விட்டம் 9 மைக்ரானுக்குப் பக்கத்தில். 488 போன்ற குறுகிய அலைக்கு அந்தச் சாலை ரொம்ப அகலம். ஒளி பல பாதைகளில் ஓடும். பெயரில்தான் சிங்கிள் மோட், நடத்தையில் மல்டிமோட். கண்ணுக்குத் தெரியும் நிறங்களுக்கான ஃபைபரின் உட்கரு 3 முதல் 4 மைக்ரான்தான்.

அந்தச் சிறுமையில்தான் கஷ்டமும் இருக்கிறது. குவித்த ஒளி உட்கருவில் இருந்து 1 மைக்ரான் விலகினால் போதும், கால் பங்குக்கு மேல் ஒளி வெளியே சிதறிவிடும். 1 மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் 50-இல் ஒரு பங்கைவிடக் குறைவு. அறையின் ஏ.சி. அணைந்து எரியும்போது உலோகம் நீண்டு சுருங்குவதே இதற்குப் போதும். மதியம் மின்சாரம் போய், ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு 'லேசர் பழுதாகிவிட்டது' என்று புகார் வந்தால், முதலில் ஃபைபர் நுழையும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் லேசர் நன்றாகத்தான் இருக்கும். ஃபைபரைத் தொழிற்சாலையிலேயே லேசரோடு நிரந்தரமாக இணைத்துத் தருவதை வாங்கினால் இந்தத் தலைவலி குறையும். ஆனால் ஃபைபர் முனை கெட்டால் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்ப வேண்டி வரும்.

வாங்கும்போது 'போலரைசேஷன் மெயின்டெய்னிங்' வகை ஃபைபரையே கேளுங்கள். சாதாரண ஃபைபரை யாராவது கை தவறித் தட்டினாலே ஒளியின் அதிர்வுத் திசை மாறும். அதைத் தொடர்ந்து வரும் கண்ணாடிகள் சில திசையை அதிகமாகவும் சிலவற்றைக் குறைவாகவும் அனுப்புவதால், மாதிரியில் வெளிச்சம் ஏறி இறங்கும்.

முனைகளையும் கவனிக்க வேண்டும். ஃபைபர் இணைப்பிகளில் நேராகச் சீவியது, 8 டிகிரி சாய்த்துச் சீவியது என்று இரண்டு உண்டு. சாய்ந்ததை ஏ.பி.சி. என்பார்கள், வழக்கமாகப் பச்சை நிறத்தில் இருக்கும். உங்கள் வீட்டு பிராட்பேண்ட் பெட்டியிலும் பச்சை முனையைப் பார்த்திருக்கலாம். கண்ணாடி முனையில் பட்டுத் திரும்பும் ஒளி நேராக லேசருக்குள்ளேயே போனால் டயோடு நிலைகுலையும். சாய்த்துச் சீவினால் அது வேறு பக்கம் போய்விடும். லேசருக்குச் சாய்ந்த முனையே நல்லது. ஆனால் சாய்ந்ததை நேரான முனையோடு மாட்டாதீர்கள். திருகு பொருந்தும், கண்ணாடிகள் பொருந்தாது. நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முனையும் கீறும்.

405 நானோமீட்டர் ஒளி மட்டும் தனி ரகம். அதை நாள் கணக்கில் பாய்ச்சினால் ஃபைபர் முனை மெல்ல மெல்ல மங்கும். பல லென்ஸ்கள் மற்ற நிறங்களைக் குவிக்கும் இடத்தில் அதைக் குவிக்கவும் மாட்டா. 405 தேவையே இல்லாத ஆய்வு என்றால் 'இருக்கட்டும்' என்று சேர்க்காதீர்கள். தேவை என்றால் அதற்குத் தனி ஃபைபர் கேட்பது புத்திசாலித்தனம்.

மின் இணைப்பு: கேமராவும் லேசரும் கைகோப்பது

ஒளியை இணைத்தாயிற்று. அடுத்து கட்டளை. கேமரா கண் திறந்திருக்கும்போது மட்டும் லேசர் எரிய வேண்டும். படங்களுக்கு நடுவே எரிகிற ஒளி மாதிரியைச் சுடுமே தவிர, ஒரு தகவலும் தராது.

கணினியில் இருந்து யு.எஸ்.பி. வழியாக 'எரி, அணை' என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கட்டளை போய்ச் சேரும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். நொடிக்கு 50 படம் எடுக்கும்போது இது உதவாது. அதனால் கேமராவே ஒரு மின் துடிப்பால் லேசரை இயக்குவதுதான் முறை. டி.டி.எல் என்று சொல்லும் எளிய 5 வோல்ட் துடிப்பு எரிய வைக்கும், அணைக்கும். வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க இன்னோர் அனலாக் முனை. லேசரில் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இங்கே ஒரு சின்ன வலை உண்டு. சில லேசர்களின் உள்ளீட்டு முனை 50 ஓம் தடை கொண்டது. அதில் 5 வோல்ட் நிற்க வேண்டுமானால் 100 மில்லியாம்ப் மின்னோட்டம் தேவை. கணினியில் செருகும் கட்டுப்பாட்டு கார்டுகள் பலவற்றின் அனலாக் முனை 5 மில்லியாம்ப் அளவே தரும். மானியில் 5 வோல்ட் காட்டிய கம்பி, லேசரில் மாட்டியதும் கால் வோல்ட்டுக்குச் சுருண்டுவிடும். லேசர் எரியாது. விற்றவருக்கு மின்னஞ்சல், அவர் ஜெர்மனிக்கு மின்னஞ்சல் என்று வாரங்கள் போகும். நடுவில் ஒரு சிறிய மின்னோட்டப் பெருக்கி போதும், அல்லது உயர்தடை உள்ளீடு கொண்ட லேசர்.

கேமராவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. இன்று பயன்படும் அறிவியல் கேமராக்கள் படத்தை வரிவரியாகப் படிக்கின்றன. முதல் வரி கண் திறந்து, ஏறத்தாழ 10 மில்லிநொடி கழித்துத்தான் கடைசி வரி திறக்கும். எல்லா வரிகளும் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் துடிப்பு அனுப்பும்படி கேமராவை அமைக்காவிட்டால், ஒரு நிறத்தின் கடைசி வரிகளில் அடுத்த நிறம் கலந்து வரும்.

படத்தில் கோடுகள் விழுந்தால் லேசர் மோசமா?

பெரும்பாலும் இல்லை. ஒளி பக்கவாட்டில் வருவதால், வழியில் உள்ள மீனின் கண் போன்ற கறுத்த பகுதி பின்னால் நீண்ட நிழலைப் போடும். 2007-இல் இதற்கு ஒரு நல்ல தீர்வு வந்தது. படம் எடுக்கும் நேரத்துக்குள் தாளைச் சில டிகிரி இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுவது. நிழல்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். விலை உயர்ந்த லேசரைத் தேடுவதைவிட, ஆடும் கண்ணாடி ஒன்றைச் சேர்ப்பது பலன் தரும். மென்மையான வளையங்கள் தெரிந்தால் அது வேறு நோய். லென்ஸிலோ தொட்டியின் கண்ணாடியிலோ தூசி இருக்கிறது, துடையுங்கள்.

டெண்டரில் என்ன எழுத வேண்டும்?

2025 ஜூன் மாதம் மத்திய நிதி அமைச்சகம் ஆய்வு நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. சிறப்பு ஆய்வுக் கருவிகளை ஜெம் அரசுத் தளத்துக்கு வெளியே வாங்க இயக்குநர்களும் துணைவேந்தர்களும் அனுமதிக்கலாம். விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்தில் இருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு 10 லட்சத்தில் இருந்து 25 லட்சமானது. ஒரு நிற ஃபைபர் லேசர் வாங்குகிறவருக்கு இது நிஜமான நிம்மதி. ஆனால் தேவையை எழுதும் வேலையை எந்தச் சுற்றறிக்கையும் செய்து தராது. 25 லட்சத்துக்கு மேல் போனால் மறுபடியும் எல்-1தான்.

அலைநீளத்தை 'குறிப்பிட்ட எண்ணில் இருந்து 3 நானோமீட்டருக்குள்' என்று எழுதுங்கள். டயோடுகள் பெயரில் உள்ள எண்ணில் இருந்து சற்று விலகித்தான் பிறக்கின்றன. விலகல் அதிகமானால் வடிகட்டி அதைத் தடுக்காமல் கேமராவுக்குள் விட்டுவிடும். சக்தியைக் கேட்கும்போது 'ஃபைபரின் வெளிமுனையில்' என்ற இரண்டு வார்த்தைகளைச் சேருங்கள். அவை இல்லாவிட்டால் விற்பவர் லேசர் பெட்டியின் வாசலில் அளந்த எண்ணைக் காட்டுவார், ஃபைபரில் தொலைந்த 40 சதவீதம் உங்கள் கணக்கில் எழுதப்படும். நிலைத்தன்மையை '8 மணி நேரத்தில் 2 சதவீதத்துக்குள்' என்றும், அது எத்தனை டிகிரி அறை வெப்ப வேறுபாட்டில் என்றும் கேளுங்கள். சிங்கிள் மோட், எம் ஸ்கொயர், ஏ.பி.சி. முனை, உள்ளீட்டுத் தடை ஆகியவற்றின் காரணங்களை மேலே பார்த்துவிட்டோம்.

இவற்றைவிட முக்கியம் பழுதுபார்ப்பு. இந்த லேசர்கள் பெரும்பாலும் இறக்குமதி. கெட்டால் கப்பலிலோ விமானத்திலோ திரும்பிப் போக வேண்டும், சுங்கத் தாள்களோடு. நாலு நிறமும் ஒரே பெட்டியில் இருந்தால், ஒரு டயோடு கெட்டாலும் நாலும் ஊருக்குப் போய்விடும், கருவி மாதக்கணக்கில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். தனித்தனி லேசர்களாக வாங்கி ஒன்றாக இணைப்பது கூடுதல் வேலைதான். ஆனால் சென்னையிலோ குவாஹாட்டியிலோ உட்கார்ந்து இதை நடத்தப் போகிறவருக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. உள்ளூரில் உதவி கேட்கவும் ஆள் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பார்த்தா பிரதிம் மண்டல் குழு இத்தகைய கருவிகளை உருவாக்கி வருகிறது. டிரெஸ்டன் விஞ்ஞானிகள் 2013-இல் வெளியிட்ட 'ஓப்பன்ஸ்பிம்' திட்டத்தின் வரைபடங்களும் பாகங்களின் பட்டியலும் இணையத்தில் இலவசம்.

பெட்டி வந்ததும், பணம் கொடுக்கச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு மணி நேரம் லேசரை ஓடவிட்டு, ஃபைபர் முனையில் சக்தியை அளந்து பாருங்கள். அளக்கும்போது கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசன்டேஷனுக்குப் பயன்படும் லேசர் பேனா ஏறத்தாழ 1 மில்லிவாட். 5 முதல் 500 மில்லிவாட் வரை உள்ளவை '3பி' வகுப்பு, நேராகக் கண்ணில் பட்டால் இமை மூடுவதற்குள் விழித்திரை போய்விடும். 405 ஒளி மங்கலாகத் தெரிவதால் பலவீனமானது என்று தோன்றும், அது ஏமாற்று. லேசரின் பின்னால் 'இன்டர்லாக்' என்ற சிறிய முனையில் ஒரு குட்டைச் செருகி இருக்கும். அதைக் கழற்றி, அறைக் கதவின் சுவிட்சோடு இணைப்பதற்காகவே அது இருக்கிறது. கதவைத் திறந்தால் லேசர் அணையும். அந்த அறைக்குள் டீ கொண்டுவருகிறவருக்கு 488 என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.